முப்பத்தொன்றாவது ஆள்

பிப்ரவரி முதல் திங்கள், மாலை ஏழு மணி.
அயோவாவில் முழங்கால் வரை பனி.
நடுநிலைப் பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில்
கட்சிக்காரர்கள் இருநூற்று நான்கு பேர்
ஈர பூட்ஸோடு நிற்கிறோம்.

இங்கே வாக்குப்பெட்டி கிடையாது.
உடம்புதான் வாக்கு.
யார் வேட்பாளராக வேண்டுமோ
அவர் பெயர் ஒட்டிய மூலைக்குப் போய் நிற்க வேண்டும்,
பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க,
பல் வைத்தியர் பார்க்க,
விவாகரத்தான கணவன் பார்க்க.

அவன் எதிர் மூலையில்தான் இருந்தான். கெரிட்.
ஒரே வியாதிக்கு எழுதிய இரண்டு மருந்துச்சீட்டு நாங்கள்.
எல்லோருக்கும் இலவச வைத்தியம், நாளைக்கே,
என்கிறது எங்கள் மூலை.
எல்லோருக்கும்தான், ஆனால் படிப்படியாக,
என்கிறது அவன் மூலை.
எத்தனை படி என்று கேட்டேன்.
படியே வேண்டாமென்றால் மாடிக்கு எப்படிப் போவாய் என்றான்.
பன்னிரண்டு வருஷம் சமையலறையில் போட்ட சண்டை,
இப்போது மைக்கில்.

டெல்பர்ட் ஹூக்ஸ்ட்ரா, விதை வியாபாரி, கூட்டத் தலைவர்,
பென்சில் முனையால் காற்றைத் தொட்டுத் தொட்டு
தலை எண்ணினார்.
பதினைந்து சதவீதம் தேறாத மூலை கலைய வேண்டும்.
அதாவது முப்பத்தொன்று.
நாங்கள் முப்பது.
திரும்ப எண்ணச் சொன்னேன்.
முப்பது.

நிறைமாத டாரியாவை இரண்டாக எண்ணக்கூடாதா
என்றான் ஒரு கல்லூரிப் பையன்.
கூடமே சிரித்தது.
அது எதிர்க்கட்சியின் வாதம் என்று
சிரிப்பு அடங்கிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

ஆள் இழுக்க அரைமணி நேரம்.
நான் நாற்காலி மேல் ஏறினேன்.
இரண்டு வேலை பார்த்தும் வாடகை கட்ட முடியாதவர்களைப் பற்றி,
இரவு ஷிஃப்ட் பற்றி,
இந்தக் கூடத்துக்கே வர முடியாதவர்களைப் பற்றிப் பேசினேன்.
நன்றாகவே பேசினேன்.
கெரிட்கூடக் கை தட்டினான், இடத்தை விட்டு நகராமல்.

அப்போதுதான் வாசல் கதவருகே
மஞ்சள் வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு
செனாடா வந்தாள்.
நாங்கள் பூட்ஸில் கொண்டுவந்த பனியெல்லாம்
தரையில் நீராகி ஓட, அதைத் துடைக்க.

அக்டோபரிலிருந்து அவள் வீட்டுக் கதவை
நாலு தடவை தட்டியிருக்கிறேன்.
நாலாவது தடவை பலகையை என் கையிலிருந்து வாங்கி
உறைந்த மண்ணில் அவளே சுத்தியலால் அடித்து நட்டாள்.

முப்பது பேரும் அவளைப் பார்த்தோம்.
யாரும் கூப்பிடவில்லை.
வழி மட்டும் விட்டோம்,
முப்பதுக்கும் சுவருக்கும் நடுவில்
ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு.

அவள் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.
ஒன்பது வரைக்கும் நான் பள்ளிக்கூடத்து ஆள், என்றாள்.
வேலை நேரத்தில் கட்சி கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
நாலு தடவை வந்தீர்கள்.
யாருக்கு என்று கேட்டீர்கள், ஏன் என்று கேட்டீர்கள்.
எத்தனை மணிக்கு உனக்கு வேலை என்று
ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

குரலில் கோபம் இல்லை.
துடைப்பானைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.
டெல்பர்ட் மணி அடித்தார்.

பதினேழு பேர் கெரிட்டின் மூலைக்குப் போனார்கள்.
டாரியா வீட்டுக்குப் போனாள்.
மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று நான் பார்க்கவில்லை.
நான் போய் நின்றேனா என்று கேட்காதீர்கள்.
நின்றேன்.
படிப்படியாகத்தான்.

எல்லாம் முடிந்து எட்டே முக்கால்.
மடக்கு நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தேன்,
ஒன்றின் மேல் ஒன்று, மேடைச் சுவரோரம்,
ஏதோ அதில் தீர்ந்துவிடும் என்பதுபோல.

அங்கே இல்லை, என்றாள் செனாடா.
தள்ளுவண்டி வெளியே இருக்கிறது.
பத்துப் பத்தாக.

பத்துப் பத்தாக எண்ணினேன்.